தங்கச்சியின் கழுத்து மச்சம்: எடுத்தது இரண்டு தடவை, சோதித்தது ஒரு தடவை

என் தங்கச்சிக்குக் கழுத்தின் வலப்பக்கம், காறை எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஒரு மச்சம் இருந்தது. அதை எடுக்கப் போய் எட்டு மாதம் நாங்கள் பட்ட பாட்டை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் இதே தப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது, போன மாதம்கூட ஒரு பிள்ளை என்னிடம் அந்தப் பார்லர் எங்கே இருக்கிறது என்று கேட்டது. எழுதிக்கோ, பெயர் மட்டும் போடாதே என்று தங்கச்சி சொல்லிவிட்டாள்.

நான் டாக்டர் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். டாக்டர் சொன்னதில் புரியாததை எல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டு நோட்டில் குறித்து வைத்தேன். அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மச்சம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மிளகைப் பாதியாக வெட்டி ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். நல்ல வட்டம், ஒரே பழுப்பு நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கும், நடுவில் இரண்டு முடி. ஒன்பது பத்து வயதில் தட்டையாகத் தெரிய ஆரம்பித்தது, சடங்கு வைத்த வருஷம் கொஞ்சம் எழும்பியிருந்தது, அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் முதல் வரியே அதுதான். எங்கள் ஆச்சிக்கு அந்த மச்சத்தின் மேல் தனிப் பிரியம், கழுத்து மச்சக்காரிக்குக் கழுத்து நிறைய நகை விழும் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லுவாள்.

தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் செல்கள் தனித்தனியாகப் பரவி இருக்க வேண்டியவை. அவை ஓர் இடத்தில் கும்பலாகக் கூடிவிட்டால் மச்சம். அந்தக் கும்பல் மேல்தோலில் மட்டும் இருந்தால் தட்டையாகத் தெரியும், கீழ்த்தோலுக்குள் இறங்கி வளர்ந்தால் மேலே எழும்பும். தங்கச்சிக்கு இருந்தது இரண்டாவது வகை. அதாவது கண்ணுக்குத் தெரிந்தது பாதிதான், மீதி உள்ளே இருந்தது. பின்னால் வந்த வினை எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

முதல் தடவை

2023 தையில் அவளுக்குக் கல்யாணம், வீரவநல்லூரில் மாப்பிள்ளை வீடு. நிச்சயத்துக்குச் செயின் போட்டபோது கொக்கி மச்சத்தில் மாட்டி இழுத்து இரத்தம் வந்துவிட்டது. தாலிக்கொடி ஆயுசுக்கும் அங்கேதானே கிடந்து உரசும் என்று அம்மா கவலைப்பட்டாள். கவலை நியாயமானதுதான். உரசுகிற மச்சத்தை எடுக்கலாம், தோல் டாக்டர்களே எடுப்பார்கள். யாரிடம் போய் எடுத்தோம் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஆச்சி குதிரை முடியைக் கட்டு, தானே விழுந்துவிடும் என்றாள். பக்கத்து வீட்டுச் சித்தி சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துத் தீக்குச்சி நுனியால் வைக்கச் சொன்னார். இரண்டும் மருவுக்குச் செய்கிற வேலை. மரு என்பது காம்போடு தொங்குகிற வெறும் தோல், பாலுண்ணி கிருமியால் வருவது, மச்சம் இந்த இரண்டிலும் சேராது, ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் மூன்றும் ஒன்றாகத்தான் அடிபடும். மருவிலேயே இந்தச் சுண்ணாம்பு வேலை கூடாது, தோலை அரித்துப் பெரிய புண்ணாக்கிவிடும். சேராங்கொட்டை வைத்துக் கன்னமெல்லாம் வெந்துபோன ஒரு பெண்ணை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, தங்கச்சி இது எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

திருநெல்வேலி டவுனில் கல்யாண மேக்கப் பேசியிருந்த பார்லரிலேயே மச்சமும் எடுப்பார்கள் என்றார்கள். 2022 கார்த்திகையில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். 1,500 ரூபாய். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், டாக்டரா என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. மரத்துப் போகிற களிம்பு தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தார், அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியைக் கரண்டில் மாட்டித் தொட்டுத் தொட்டு எடுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முடி கருகின வாசம் வந்தது. கறுப்புப் பொருக்கு ஒட்டியிருந்த பஞ்சைக் காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டியில் போட்டார், மூடி டப்பென்று மூடியது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, வேலை முடிந்தது என்று சந்தோஷமாக வெளியே வந்து இருட்டுக்கடை வரிசையில் போய் நின்றோம்.

பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. கல்யாணத்து அன்று வெளிர் நிறத்தில் ஒரு சின்ன வட்டம், மேக்கப்பில் அதுவும் மறைந்துவிட்டது.

வடுவுக்குள் கறுப்பு

சித்திரையில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவள் என்னைத் தனியாக அடுக்களைக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். வெளிர் வட்டத்துக்குள்ளே கறுப்பு. முன்னால் இருந்த மாதிரி உருண்டை இல்லை. மையைத் தொட்டுக் கோணல்மாணலாக இழுத்த மாதிரி நாலைந்து கோடு, ஒரு பக்கம் கருங்கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் ஒரு துளி சாம்பல். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் அவள் அதற்கு முந்தின பத்து நாளாக ராத்திரி ராத்திரி போனில் தேடிப் படித்திருக்கிறாள், மெலனோமா, அதாவது நிறச்செல்களில் வருகிற தோல் புற்றுநோய், அந்த வார்த்தையை என்னிடம் சொல்லும்போது குரலே வரவில்லை.

அவள் படித்ததில் பொய் ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் இருந்த தோல் டாக்டர்கள் 1985-இல் ஏ, பி, சி, டி என்று ஓர் அடையாள வரிசை சொன்னார்கள், உலகம் முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லாதது, ஓரம் பிசிறடிப்பது, நிறம் பலவாக இருப்பது, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது. பிறகு மாறிக்கொண்டே இருப்பது என்ற ஐந்தாவதையும் சேர்த்துக்கொண்டார்கள். தங்கச்சியின் வடுவுக்குள் இருந்த கறுப்புக்கு அளவைத் தவிர மற்ற நாலும் அப்படியே பொருந்தியது. நானும் பயந்துவிட்டேன், அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பார்லருக்குப் போன் போட்டால், அது திரும்ப வருவது சகஜம், இன்னொரு தடவை எரித்துவிடலாம், பாதிக் காசு கொடுத்தால் போதும் என்றார்கள். அம்மாகூட அரை மனதாகச் சரி என்றாள். வேண்டாம் என்று உறுதியாக நின்றது தங்கச்சியின் மாமியார். அத்தை தறியில் உட்கார்ந்தே வளர்ந்தவர்கள், வயலும் உண்டு. "கோரையை மேலாப்புல அறுத்தா போயிருமா? கிழங்கு உள்ளல்லா கிடக்கு. இன்னொருக்க அறுத்தா இன்னொருக்க வரும். தோல் டாக்டரைப் பாருங்க மொதல்ல" என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் பாளையங்கோட்டையில் அந்த டாக்டர் படம் போட்டு விளக்கியதும் இதைத்தான்.

பாளையங்கோட்டை

ஹைகிரவுண்டில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள். காசுக்கு யோசித்து யாரும் பார்லருக்குப் போக வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாங்கள் போனது தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு தோல் டாக்டரிடம். ஆனி மாதம், சாரல் காற்று, பஸ் பத்தமடையைத் தாண்டும் வரை தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் முதலில் வடுவின் மேல் ஒரு சொட்டு ஜெல் வைத்து, விளக்கு பொருத்திய ஒரு கைலென்ஸை அழுத்திப் பார்த்தார். டெர்மாஸ்கோப் என்று பெயர், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். தோலின் மேற்பளபளப்பை அது தள்ளிவிடுவதால் வெறும் கண்ணுக்குத் தெரியாத உள்நிறமும் தெரியும். போனை அதில் பொருத்திப் படம் எடுத்து எங்களுக்கும் காட்டினார். அப்புறம் கேள்வி. எப்போது எடுத்தது, எதை வைத்து எடுத்தது, எத்தனை மாதத்தில் திரும்ப வந்தது, வீட்டில் யாருக்காவது தோல் புற்றுநோய் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம்.

"எடுத்ததை எங்க சோதனைக்கு அனுப்பினாங்க? ரிப்போர்ட் இருக்கா?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் குப்பைத்தொட்டி மூடிதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. சரி, பழைய மச்சம் தெளிவாகத் தெரிகிற போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கல்யாணப் படத்தில் இருக்காது, அதற்கு முன்பே எடுத்தாயிற்று. அம்மாவுக்குப் போன் போட்டோம், அம்மா பீரோவில் இருந்து சடங்கு ஆல்பத்தை இறக்கித் தேடி, பூமாலை போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். மாலைக்கு மேலே அந்த மச்சம் அச்சாகத் தெரிந்தது, வட்டமாக, ஒரே நிறமாக. டாக்டர் அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். இப்படி இருந்த மச்சம் கெட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அந்தப் படம்தான்.

அவர் விளக்கியது இது. கரண்ட் வைத்து மேலே எரித்தபோது கீழ்த்தோலில் இருந்த மச்சச் செல்கள் போகவில்லை. அவற்றின் மேல் வடு மூடிக்கொண்டது. அப்புறம் புதுத்தோல் வளரும்போது நிறச்செல்களும் வடுவின் மேலே ஒழுங்கில்லாமல் பரவும், அதனால்தான் கோடும் திட்டும். திரும்ப வளர்ந்த மச்சம் என்று இதற்குப் பெயர், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டிவிடும். சிக்கல் என்னவென்றால் கண்ணுக்கு மட்டும் இல்லை, மைக்ராஸ்கோப்பிலும் இது மெலனோமா மாதிரியே தெரியும். 1975-இல் கார்ன்பெர்க், ஆக்கர்மன் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதியபோது பொய் மெலனோமா என்றே பெயர் வைத்தார்கள்.

இவளுடைய கறுப்பு வடுவின் எல்லைக்குள்ளேயே நின்றிருந்தது, எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் போகவில்லை. அது நல்ல அறிகுறி. ஆனாலும் முதலில் இருந்தது என்ன என்பதற்குக் கையில் காகிதம் இல்லாததால் முழுசாக வெட்டி எடுத்துச் சோதித்துத்தான் ஆக வேண்டும் என்றார். முதல் தடவையே ஒரு துண்டு லேபுக்குப் போயிருந்தால் தங்கச்சி கழுத்தில் இரண்டாவது கத்தி பட்டிருக்கத் தேவையே இருந்திருக்காது, அல்லது பட்டிருந்தாலும் பயமில்லாமல் பட்டிருக்கும்.

லேசரில் எடுக்கலாமே என்று நான் கேட்டேன். லேசரும் எரிப்பதுதான், ஆவியாகிப் போனதைச் சோதிக்க முடியாது என்றார். எழும்பி நிற்கிற, பார்வைக்குச் சாதுவான மச்சத்தைப் பிளேடால் தோல் மட்டத்துக்குச் சீவி எடுக்கலாம், தையல்கூட வேண்டாம், சீவியது லேபுக்குப் போகும். மாறிக்கொண்டிருக்கிற மச்சம், சந்தேகமான மச்சம் என்றால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு ஆழமாக வெட்டித் தையல் போட வேண்டும். இவளுக்கு இரண்டாவது.

புட்டி

இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து அடுத்த வாரம் தேதி. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா, முன்னால் காயம் பட்ட இடத்தில் தடித்த தழும்பு வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்வதைக் கீலாய்டு என்பார்கள், நம் மாதிரிக் கறுத்த தோலில் அது கூடுதல், அதிலும் நெஞ்சு, தோள், காது மடலில். அவளுக்குக் காது குத்திய இடம் சுத்தமாக இருந்தது.

நர்ஸ் கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார். கல்யாணமாகி ஐந்து மாதம். தங்கச்சி கையைத் தாலியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அத்தைதான் கிட்டே வந்து, "குடுளா எங்கிட்ட. உள்ள போயிட்டு வா. நீ நல்லா இருந்தாத்தான் இதுக்கு மதிப்பு" என்று தன் கையாலேயே கழற்றி, முந்தியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்கள். வெளியே வரும் வரை அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

என்னை உள்ளே நிற்க விட்டார்கள். கழுத்தில் இயற்கையாக ஓடுகிற சுருக்க வரிக்கு இணையாக, வடுவைச் சுற்றி ஓர் இலை வடிவத்தைப் பேனாவால் வரைந்தார், நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் குவிந்து நிற்குமாம், அதற்குத்தான் இந்த இலை வடிவம். மரத்துப் போகும் ஊசிதான் வலித்தது, எரிகிறது எரிகிறது என்று என் விரலை நெரித்துவிட்டாள். அந்த மருந்தோடு அட்ரினலினும் கலந்திருப்பதால் சுற்றித் தோல் வெளுத்துவிடும், இரத்தமும் அதிகம் வராது. அதற்குப் பிறகு இழுக்கிற மாதிரி இருக்கிறதே தவிர வலி இல்லை என்றாள். இருபது நிமிஷம். உள்ளே கரைகிற நூல், மேலே நைலான் தையல் ஐந்து.

வெட்டியெடுத்தது ஒரு சின்ன மீன் செதிள் அளவுதான். அதன் ஒரு முனையில் அடையாளத்துக்கு ஒரு நூல் தைத்தார், ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று லேப் சொன்னால் எந்த ஓரம் என்று தெரிய வேண்டுமே. ஃபார்மலின் ஊற்றிய சின்ன புட்டியில் போட்டு, மூடி, ஒட்டுத்தாளில் பெயர், வயது, இடம், தேதி எழுதி எங்களிடம் காட்டிச் சரி பார்க்கச் சொன்னார். கூடப் போகிற படிவத்தில், முன்பு இதே இடத்தில் கரண்ட் வைத்து எரித்திருக்கிறார்கள், சோதனை செய்யவில்லை, ஏழு மாதம் ஆகிறது என்று முழுசாக எழுதினார். அந்த ஒரு வரி இல்லாமல் போனால் மைக்ராஸ்கோப் பார்க்கிறவர் இதை மெலனோமா என்றே எழுதிவிட இடம் இருக்கிறது என்றார். ஏற்கனவே ஒரு தடவை எடுத்த இடம் என்றால் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது, பார்லருக்குப் போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சரி.

எட்டு நாள் காத்திருந்தோம். அந்த எட்டு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் மச்சத்தில் கத்தி பட்டாலே கேன்சர் ஆகிவிடுமே என்றார்கள். அப்படி இல்லை. சாதாரண மச்சத்தை வெட்டுவதால் அது புற்றாக மாறாது. ஏற்கனவே புற்றாக இருந்ததை மச்சம் என்று நினைத்து அரைகுறையாக வெட்டி, பிறகு அது பரவியதைப் பார்த்தவர்கள் கத்தி மேல் பழி போட்டிருக்க வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது, ராத்திரி படுத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை.

எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது ரிப்போர்ட்டும் வந்திருந்தது. திரும்ப வளர்ந்த மச்சம், புற்று இல்லை, ஓரங்களில் மிச்சம் இல்லை. மேலே ஒழுங்கற்ற நிறச்செல்கள், நடுவில் வடு, வடுவுக்குக் கீழே பழைய மச்சத்தின் கூட்டம் அப்படியே, அது சாதுவானது என்று எழுதியிருந்தது. அத்தை சொன்ன கிழங்கு. அந்தத் துண்டை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவித்தான் பார்க்கிறார்கள், மீதி மெழுகுக் கட்டி லேபில் பத்திரமாக இருக்கும், நாளைக்கு வேறொரு டாக்டர் பார்க்க வேண்டும் என்றாலும் எடுத்துப் பார்க்கலாம். தங்கச்சி அங்கேயே அழுதுவிட்டாள். அத்தை தாலியை அவள் கழுத்தில் போட்டு, தையல் போட்ட இடத்தில் உரசாமல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றி விட்டார்கள்.

செலவு ஆபரேஷனுக்கு 6,000, லேபுக்கு 1,200. சான்றிதழில் அங்க அடையாளம் இல்லாமல் போயிற்றே என்று அப்பா கேட்டார். ஆபரேஷன் சீட்டையும் ரிப்போர்ட்டையும் நகலெடுத்துச் சான்றிதழோடு வைத்திருக்கிறோம். இரண்டாவது அடையாளம், இடது முழங்கையில் உள்ள தழும்பு, இருக்கத்தான் செய்கிறது.

அத்தையின் கால்

எல்லாம் முடிந்து எழும்பும்போது அத்தை செருப்பைக் கழற்றினார்கள். "எனக்கும் குதிகால்ல ஒண்ணு கிடக்கு, ஆணின்னு விட்டுட்டேன்" என்றார்கள். டாக்டரின் முகம் சட்டென்று மாறியதை நான் பார்த்தேன், இவ்வளவு நேரம் பார்த்ததைவிட இதைக் கூடுதல் கவனமாகப் பார்த்தார்.

நம் ஆட்களுக்கு மெலனோமா வருவது அபூர்வம், வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்கள், தறி மிதிக்கிறவர்கள் எல்லாம் அதை ஆணி என்றோ, முள் குத்திய தடம் என்றோ, இரத்தக்கட்டு என்றோ வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில்தான், பந்து விளையாடிய காயம் என்று நினைத்திருந்தார், 1977-இல் கண்டுபிடித்து 1981-இல் 36 வயதில் போய்விட்டார்.

உள்ளங்கால் ரேகையை உற்றுப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக வரி வரியாக இருக்கும். நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும், லென்ஸில்தான் இது தெரியும். அத்தைக்குப் பள்ளத்தில் ஓடியது, அளவு 4 மில்லிமீட்டர். எடுக்க வேண்டாம், படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

ஆறு மாதம் என்றால் 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர், போக முடியவில்லை. பொங்கல் கழித்துப் போனோம். தங்கச்சி கழுத்தில் ஒரு மெல்லிய கோடு, சுருக்க வரியோடு சேர்ந்துவிட்டது, மூன்று மாதம் சிலிக்கான் ஜெல் தடவினாள், உள்ளே கறுப்பு எதுவும் இல்லை. டாக்டர் அத்தையின் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்துப் படம் எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றுதான்.